திண்ணையும் பின்சுவரும்



நினைவுச் சொற்பொழிவுக்கு என்ன தலைப்பு என்று அமைப்பாளர்கள் கேட்டபோது, வீடு கட்டுவதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். இலக்கிய மேடையில் வீடு கட்டுவதைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் தலித் இலக்கியம் தொடங்கிய நாளிலிருந்து இடத்தைப் பற்றித்தான் பேசிவருகிறது. ஊர் எது, சேரி எது, முன்வாசல் யாருக்கு, பின்வாசல் யாருக்கு என்ற கேள்விகளிலிருந்துதான் நம் கதைகளும் தன்வரலாறுகளும் கிளம்பின. அதனால் இந்தப் பேச்சு அந்த எழுத்தின் தொடர்ச்சிதான்.

கோவையைச் சுற்றி இப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் போங்கள், ஆனைகட்டி சாலையில் போங்கள், பொள்ளாச்சி வரை போங்கள். தென்னந்தோப்புக்குள் புதிதாகத் தொட்டிக்கட்டு வீடுகள் எழுகின்றன. நகரத்தில் மில், பம்பு கம்பெனி, மருத்துவமனை, மென்பொருள் என்று சம்பாதித்தவர்கள், வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்கள், "பாரம்பரிய முறையில்" வீடு வேண்டும் என்கிறார்கள். நடுவில் வானம் பார்த்த தொட்டி, சுற்றிலும் தூண், முன்னால் நீளத் திண்ணை, மேலே ஓடு. செட்டிநாட்டில் இடித்த வீடுகளின் தேக்குத் தூணும் நிலையும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இருந்து லாரியில் வருகின்றன. தரைக்கு ஆத்தங்குடிக் கல். சுவருக்குச் சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்த பூச்சு. இதற்கென்றே தனிக் கட்டடக் கலைஞர்கள் இருக்கிறார்கள், தனிக் கொத்தனார்கள் இருக்கிறார்கள்.

இதில் நல்லது எதுவும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நம் வெயிலுக்குத் தொட்டி வைத்த வீடு பொருத்தமானது. சூடான காற்று மேலே போகும், வெளிச்சம் உள்ளே வரும், மழைநீரைப் பிடித்து வைக்கலாம். தடிமனான மண்சுவரும் ஓடும் கான்கிரீட்டைவிடக் குளிர்ச்சி. இந்த அறிவு மதிக்க வேண்டிய அறிவுதான். ஆனால் அந்த வீட்டில் இரண்டு மரபுகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஒன்று, மண்ணையும் காற்றையும் மழையையும் தெரிந்துகொண்ட கைகளின் மரபு. இன்னொன்று, யார் எதுவரை வரலாம் என்று கோடு போட்ட மரபு. இப்போது புதிதாகக் கட்டுபவர் இதில் எதைத் தூக்கி நிறுத்துகிறார் என்பதுதான் இன்றைக்கு என்னுடைய கேள்வி.

பழைய கொங்கு வீட்டின் வரைபடத்தைக் கொஞ்சம் மனதில் போட்டுப் பாருங்கள். முதலில் வாசல், அதாவது வீட்டுக்கு முன்னால் இருக்கும் களம் போன்ற வெளி. பிறகு திண்ணை. அதைத் தாண்டினால் ஆசாரம். அதற்குள்ளே தொட்டி, சுற்றி அறைகள், சமையல்கட்டு. பின்னால் பொடக்காலி. ஒரு பக்கம் மாடு கட்டும் கட்டுத்தரை. இதைக் கட்டடக்கலை மாணவர் பார்த்தால் காற்றோட்டம் தெரியும். சமூகவியல் மாணவர் பார்த்தால் சாதி அடுக்கு தெரியும். பண்ணையத்துக்கு இருந்த அருந்ததியர் குடும்பம் வாசலின் ஓரத்தில் நின்று குரல் கொடுக்கும். திண்ணைக்கு ஏறாது. கூலியும் பழைய சோறும் பொடக்காலி வழியாக வரும். கட்டுத்தரையில் சாணி அள்ளலாம், அதே மாட்டின் பால் கறக்கும் பாத்திரத்தைத் தொடக்கூடாது. பிள்ளை பெற்ற வீட்டிலும் இழவு விழுந்த வீட்டிலும் பலவேறு சாதியினர் எங்கே நிற்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ, அல்ஜீரியாவின் கபில் மக்களுடைய வீட்டை ஆராய்ந்து, ஒரு வீட்டின் தரையும் சுவரும் வாசற்படியும் அந்தச் சமூகத்தின் ஆண் பெண் ஒழுங்கைக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கின்றன என்று காட்டினார். குழந்தை அந்த ஒழுங்கைப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. நடந்து நடந்து உடம்பே கற்றுக்கொள்கிறது. நம் ஊரிலும் அப்படித்தான். ஆறு வயதுப் பிள்ளை வாசல் ஓரத்தில் தானாக நின்றுவிடும். பிரெண்டா பெக், காங்கயம் பகுதியில் ஓலப்பாளையம் என்ற ஊரை ஆராய்ந்து 1972இல் வெளியிட்ட நூல், கொங்கு நாட்டின் நிலமும் ஊரும் கோயிலும் குடியிருப்பும் சாதி வழியாக எப்படி ஒழுங்குபட்டிருந்தன என்பதை விரிவாகச் சொல்கிறது. மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது.

சாத்திரம் இதை மறைக்கவும் இல்லை. இன்றைக்கு வீட்டுக்கு வீடு வாஸ்து பார்க்கிறார்கள். அந்த வாஸ்துவின் பழைய நூல்களில் ஒன்று வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை. எந்த வருணத்தாருக்கு எந்த நிறத்து மண் என்று அதில் இருக்கிறது. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வரிசையாகப் பிரித்திருக்கிறார்கள். வீட்டின் அளவும் வருணத்துக்கு வருணம் குறைந்துகொண்டே வருகிறது. காற்றும் வெளிச்சமும் பார்க்கத்தான் வாஸ்து என்று சொல்பவர்களிடம் இந்தப் பக்கத்தையும் திறந்து காட்டுங்கள்.

"அந்தக் காலத்துல திண்ணைல வழிப்போக்கன் யார் வேணும்னாலும் படுத்துட்டுப் போவானுங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வழிப்போக்கன் யார் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். வழிப்போக்கனிடமும் முதலில் "நீங்க என்ன ஆளுங்க?" என்றுதான் கேட்டார்கள். இன்றைக்குக் கோவையில் வாடகைக்கு வீடு தேடிப் போகும் நம் பிள்ளைகளிடமும் இதே கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். சொந்த ஊர் எது, குலதெய்வம் எது, கறி சாப்பிடுவீங்களா என்று கேட்டு, கடைசியில் "வீடு ஏற்கெனவே சொல்லியாச்சுங்க" என்கிறார்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கொங்கு நாட்டில் எல்லாக் குடியானவரும் தொட்டிக்கட்டு வீட்டில் வாழவில்லை. பெரும்பாலானவர்கள் தோட்டத்துக்குள் ஓலையோ ஓடோ போட்ட சாளையில்தான் இருந்தார்கள். தூணும் தொட்டியும் பட்டக்காரர், மிராசு போன்ற சிலருடையது. 1992இல் வந்த 'சின்னக் கவுண்டர்', 1994இல் வந்த 'நாட்டாமை' போன்ற படங்கள் அந்தச் சிலரின் வாழ்க்கையை முழு வட்டாரத்தின் பெருமையாகத் திரையில் காட்டின. இன்று எழுகிற புது வீடுகளில் பலவும் தாத்தா வாழ்ந்த வீட்டின் நகல் இல்லை. தாத்தா கைகட்டி நின்ற பெரியவர் வீட்டின் நகல். ஆதிக்கத்தை வீட்டு அலங்காரமாக வாங்குகிறார்கள், அதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைக்கிறார்கள்.

அந்தப் பெரிய வீடுகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கொங்கு வறண்ட பூமி. பாறையை உடைத்துக் கிணறு வெட்டித்தான் இங்கே வெள்ளாமை. மின்சாரம் வரும்வரை கிணற்றுத் தண்ணீர் கவலையில்தான் மேலே வந்தது. அந்தக் கவலைக்குத் தோல் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். தோல் கிழிந்தால் நடுச்சாமத்திலும் ஆள் வரும். தோல் தைத்தவர் தொட்ட தண்ணீர் தீட்டு, அவர் தைத்த தோல் வழியாக வந்த தண்ணீர் மட்டும் தீட்டு இல்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து, பிறகு பம்பு செட்டு ஊரெல்லாம் பரவியபோது நிலம் வைத்திருந்தவர்கள் இன்னும் உயர்ந்தார்கள். கோவை பம்புக்குப் பெயர்பெற்ற ஊராயிற்று. கவலைத் தோல் தைத்தவர்களுக்கு அந்த வேலையும் போயிற்று, நிலமும் இல்லை. இந்த வரலாறு எந்தத் தொட்டிக்கட்டு வீட்டின் சுவரிலும் படமாக மாட்டப்படவில்லை. அங்கே பழைய உரலும் ஆட்டுக்கல்லும் மாட்டுவண்டிச் சக்கரமும்தான் அலங்காரம். அந்த உரலில் யார் இடித்தார்கள் என்று விருந்தாளி கேட்பதில்லை.

இன்றைய கட்டுமானத்துக்கும் இதே கேள்வி பொருந்தும். பூசாமல் விட்ட செங்கல் சுவர் இந்த வீடுகளில் பெரிய அழகு. கோவைக்குச் செங்கல் கொடுத்தது தடாகம் பள்ளத்தாக்கு. அங்கே செம்மண்ணைத் தோண்டித் தோண்டி ஓடைகள் குலைந்தன, யானை வழித்தடம் குலைந்தது. மக்கள் போராடி, வழக்குகள் நடந்து, 2021இல் நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் மூடப்பட்டன. சூளையில் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு கல் அறுத்தவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும். "இயற்கையோடு இயைந்த வீடு" என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இப்போது மேட்டுப்பாளையத்துக்கு வருகிறேன். 2019 டிசம்பர் 2. நடூர். இரவெல்லாம் மழை. விடிவதற்கு முன், ஒரு பெரிய வீட்டின் கருங்கல் சுற்றுச்சுவர், சுமார் 20 அடி உயரச் சுவர், அதை ஒட்டியிருந்த ஓட்டு வீடுகளின் மேல் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்துபோனார்கள். தலித் மக்கள், அருந்ததியர். பெண்கள்தான் அதிகம், குழந்தைகளும் இருந்தார்கள். மகனையும் மகளையும் ஒரே இரவில் பறிகொடுத்த ஒரு தந்தை, அவர்களுடைய கண்களைத் தானமாகக் கொடுத்தார். நீதி கேட்டு, உடல்களை வாங்க மறுத்துப் போராடியவர்கள் மீது தடியடி நடந்தது. வீட்டு உரிமையாளர் கைது செய்யப்பட்டார். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய வேண்டும் என்பது போராடியவர்களின் கோரிக்கை. அந்தச் சுவரைப் பகுதி மக்கள் தீண்டாமைச் சுவர் என்றே சொன்னார்கள்.

அந்த வீடு பாரம்பரிய முறையில் கட்டிய வீடு என்று நான் சொல்லவில்லை. அதை இங்கே பேசுவதற்குக் காரணம் வேறு. வீட்டை முன்பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். பத்திரிகையில் வரும் படங்களும் முன்பக்கம்தான், திண்ணையும் தூணும் கோலமும்தான். நடூர் மக்கள் ஒரு பெரிய வீட்டை அதன் பின்சுவராக மட்டுமே தெரிந்துவைத்திருந்தார்கள். அவர்களுக்கு அந்த வீட்டின் திண்ணை தெரியாது, ஆசாரம் தெரியாது. கல்லும், கல்லுக்குப் பின்னால் இருந்த ஈர மண்ணும், மழைக்காலத்துப் பயமும்தான் தெரியும். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989இல் எழுந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. அதற்கு அத்தனை ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. நடூர்ச் சுவரை மழை இடித்தது. அது எங்கள் மேல் இடிந்தது.

அதே 2019 டிசம்பரில் அமெரிக்காவில் ஒன்று நடந்தது. அங்கே தென்மாநிலங்களில் அடிமைகளை வைத்து நடத்திய பருத்தித் தோட்டங்களின், கரும்புத் தோட்டங்களின் மாளிகைகள் இன்றும் இருக்கின்றன. வெள்ளைத் தூண்கள், பெரிய மரங்கள், பச்சைப் புல்வெளி. கல்யாணம் செய்ய அழகான இடம் என்று அவற்றை வாடகைக்கு விடுகிறார்கள். கலர் ஆஃப் சேஞ்ச் என்ற கறுப்பின உரிமை அமைப்பு கேள்வி எழுப்பிய பிறகு, பின்ட்ரெஸ்ட், தி நாட் போன்ற இணைய நிறுவனங்கள், அந்த மாளிகைகளை இனிமேல் கனவுத் திருமண இடமாக அழகுபடுத்திக் காட்ட மாட்டோம் என்றன. லூசியானாவில் விட்னி என்ற தோட்ட மாளிகை 2014இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்கே போகிறவர் முதலாளியின் அறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்களையும் குடிசைகளையும் பார்த்தாக வேண்டும். பெரிய வீட்டை இடிக்காமலே அதன் கதையை மாற்ற முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி. நம் பக்கத்தில் பண்ணை வீட்டை ரிசார்ட்டாகவும் கல்யாண மண்டபமாகவும் மாற்றுகிறார்கள். பண்ணையாட்களின் பெயரை எழுதிய ஒரு பலகையை எந்த வீட்டிலும் நான் இதுவரை பார்த்ததில்லை.

மண்சுவர் விஷயத்தைக் கொஞ்சம் பேச வேண்டும். மண்வீடு என்றால் நம் மக்களுக்கு அவமானம். அரசுக் கணக்கில் அது குடிசை. மழைக்காலத்தில் சுவர் இடிந்து செத்தவர்கள் நம் காலனிகளில்தான் அதிகம். அதே மண், தோப்புக்குள் எழும் புது வீட்டில் சதுர அடிக்குக் கூடுதல் விலை. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. முன்பு 2011இல் தொடங்கிய பசுமை வீடு 300 சதுர அடி. ஒரு தொட்டிக்கட்டு வீட்டில் வானம் பார்த்த முற்றம் மட்டும் 20 அடிக்கு 20 அடி என்று வைத்துக்கொண்டால், 400 சதுர அடி. அதாவது, ஒருவர் காற்று வாங்க வெறுமனே விட்ட இடம், இன்னொரு குடும்பத்தின் முழு வீட்டைவிடப் பெரிது. இந்தக் கணக்கை மாணவர்கள் எங்கே வேண்டுமானாலும் எடுத்துச் சொல்லலாம்.

மண்ணின் நுட்பம் ஏழைகளுக்கு உரியதாகவும் இருக்க முடியும். கேரளத்தில் லாரி பேக்கர் அதைச் செய்து காட்டினார். செங்கல்லை நிமிர்த்தி வைத்து இடையில் வெற்றிடம் விட்டு அவர் கட்டிய எலிப்பொறிக் கட்டு முறையில், சுமார் நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். சுவரும் குளிர்ச்சி. நம்முடைய கொத்தனார்களும் சித்தாள்களும் பெரிய வீடுகளில் இந்த வேலைகளைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் அந்த அறிவு, அவர்கள் சொந்த வீட்டுக்கு ஏன் வரவில்லை? அவர்களுக்கு இருப்பது 3 சென்ட் மனை என்பது ஒரு காரணம். நிலம் என்ற கேள்வியைத் தொடாமல் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. பஞ்சமி நிலத்தில் இருந்து ஆதிதிராவிடர் நல மனைப்பட்டா வரை நம் இயக்கம் கேட்டுவருவது அதைத்தான்.

சரி, தலித் ஒருவர் பெரிய வீடு கட்டினால் என்ன ஆகிறது? 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம் காலனி உட்பட மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. காதல் திருமணம் காரணமாகச் சொல்லப்பட்டது. எரிந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் புரிந்தது. பெங்களூருக்கும் கோவைக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துக் கட்டிய காரை வீடுகள் அவை. பீரோவும் வண்டியும் சான்றிதழும் தேடித் தேடிக் கொளுத்தப்பட்டன. நம் வீடு குடிசையாக இருக்கும்வரை பரிதாபம், மாடி எழுந்தால் திமிர். இதுதான் ஊரின் கண்.

எனக்குத் தெரிந்த ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை, அருந்ததியர் குடும்பத்தில் முதல் பட்டதாரி, சில ஆண்டுகளுக்கு முன் அவிநாசிப் பக்கம் வீடு கட்டினார். வங்கிக் கடன் போட்டு, கீழும் மேலுமாக நல்ல பெரிய வீடு. வரைபடத்தில் முன்னால் கார் நிறுத்த இடம் இருந்தது. அவருடைய அம்மா பார்த்துவிட்டு, "திண்ணை வெச்சுக் கட்டு கண்ணு. நாலு சனம் வந்தா உக்காரோணும்ல" என்றிருக்கிறார். நாற்பது வருடம் பண்ணையத்தில் இருந்தவர். தோட்டத்துக்காரர் வீட்டுத் திண்ணையைத் தினமும் கூட்டிப் பெருக்கியவர், ஒரு நாளும் அதில் உட்காராதவர். கார் நிறுத்தும் இடம் சுருங்கித் திண்ணை வந்தது. அந்த அம்மா தபால்காரரையும் பால்காரரையும் காய்கறி விற்க வருபவரையும் "உக்காருங்க சாமி, தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்று உட்கார வைக்கிறார். யார் என்ன ஆள் என்று கேட்பதில்லை. சிலர் நின்றபடியே போய்விடுவதும் உண்டு. அவர் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. திண்ணை என்ற பழைய வடிவம் அங்கேதான் முதல்முறையாக, அதைப் பற்றிச் சொல்லப்பட்ட பெருமைக்கு உண்மையாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாபாசாகேப் அம்பேத்கர் 1930களின் தொடக்கத்தில் மும்பை தாதரில் ராஜகிருகம் என்ற வீட்டைக் கட்டினார். பெரிய வீடுதான். பழைய பௌத்த நகரத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். மரபில் இருந்து தனக்கு வேண்டியதை அவரே தேர்ந்தெடுத்தார். அந்த வீடு அவ்வளவு பெரிதாக இருந்ததற்குக் காரணம் புத்தகங்கள். பல்லாயிரம் நூல்களுக்கு இடம் வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் அந்த வீட்டின் மீதும் கல்லெறிந்தார்கள், பூந்தொட்டிகளை உடைத்தார்கள். நாம் கட்டும் வீடு எதற்காகப் பெரிதாக இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று ராஜகிருகம் எனக்குச் சொல்கிறது.

முடிக்கும் முன், செய்ய வேண்டிய வேலைகள் மூன்று. மாணவர்களே, உங்கள் ஊரில் இருக்கும் பழைய பெரிய வீட்டின் வரைபடத்தைப் போடுங்கள். அதில் உங்கள் பாட்டி எதுவரை போனார், எந்த இடத்தில் நின்றார் என்று அவரிடமே கேட்டுக் குறியுங்கள். அந்தப் பாட்டிகள் இன்னும் சில ஆண்டுகளே இருப்பார்கள். இதுவே ஒரு நல்ல ஆய்வேடு, நல்ல இலக்கியமும்கூட. செயல்பாட்டாளர்களே, ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் நம் காலனிகளை ஒட்டி நிற்கும் சுற்றுச்சுவர்களைக் கணக்கெடுங்கள். உயரம், விரிசல், தண்ணீர் வடிய வழி இருக்கிறதா என்பதை எழுதி, படத்தோடு ஆட்சியரிடமும் உள்ளாட்சியிடமும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சுவர் விழுந்த பிறகு கேட்கும் நீதியைவிட விழுவதற்கு முன் கொடுத்த ஒரு மனு உயிரைக் காப்பாற்றக்கூடும். மூன்றாவது, எல்லாச் சாதியினரும் கலந்து வாழும் குடியிருப்புக் கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறந்தபோது, 100 வீட்டில் 40 தலித்துகளுக்கு, வரிசையில் கலந்து என்று ஒரு கணக்கு இருந்தது. அதன் குறைகளை நாம் பேசியிருக்கிறோம், இன்னும் பேசலாம். ஆனால் பக்கத்து வீடு யாருடையது என்பதை மாற்றாமல் சாதி ஒழியாது என்ற அதன் அடிப்படை சரியானது.

பாரம்பரிய முறையில் வீடு கட்டும் நண்பர்களுக்கும் ஒரு சொல். கட்டுங்கள். மண்ணும் தொட்டியும் காற்றும் எல்லோருடைய சொத்து, எங்கள் முன்னோரின் கைவேலையும் அதில் இருக்கிறது. புதுமனை புகுவிழா அன்று அந்தச் சுவரை எழுப்பிய கொத்தனாரையும் சித்தாளையும் முன்வாசல் வழியாக அழைத்து, முதல் பந்தியில் உட்கார வையுங்கள். பிறகு வீட்டைச் சுற்றி நடந்து போய், உங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குகிறார்கள் என்று பாருங்கள்.

நடூரில் உறங்கியபடியே போய்விட்ட 17 பேருக்கும் அஞ்சலி.